பொரிக்காத முட்டையை எடுத்துப் போடுவதற்கு முன்: பட்ஜி, காக்டெயில் ஜோடி போட்டவர்களுக்கு முழு வழிகாட்டி

"அண்ணா, முட்டை வச்சு இருபது நாள் ஆச்சு. ஒண்ணுகூடப் பொரிக்கல. எடுத்துப் போட்டுடவா?"

முதன்முறையாகக் கிளி ஜோடி போட்டவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் கேட்கிற கேள்வி இது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த முட்டைக்கு இருபது நாள்? பெரும்பாலும் அதற்குப் பதில் வராது. முட்டையில் அடையாளம் போட்டிருக்க மாட்டார்கள், தேதியும் எழுதியிருக்க மாட்டார்கள்.

பொரிக்காமல் கிடக்கும் முட்டை நான்கில் ஒன்றாக இருக்கும். இன்னும் நாளே ஆகாதது. கருவே கூடாத கூமுட்டை. கரு கூடி நடுவில் செத்தது. உயிரோடு இருந்து இரண்டொரு நாள் தாமதமாகப் பொரிக்கப் போவது. பழகாத கண்ணுக்கு வெளியிலிருந்து நான்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி வெள்ளையாகத்தான் தெரியும். அவசரப்பட்டு எடுத்துப் போட்டால் முதல் வகையும் கடைசி வகையும் சேர்ந்தே போய்விடும். அதனால் வரிசை முக்கியம். முதலில் நாள் கணக்கு, அப்புறம் டார்ச், அப்புறம் காத்திருப்பு, தேவைப்பட்டால் மட்டும் தண்ணீர்ச் சோதனை, எல்லாம் முடிந்த பிறகே உடைத்துப் பார்ப்பது.

இங்கே சொல்வது பட்ஜி (budgerigar), காக்டெயில் (cockatiel) என்ற இரண்டு கூண்டுக் கிளிகளுக்கும். ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸுக்கு நாள் கணக்கு மட்டும் மாறும், முறை இதேதான். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால் அந்தப் பேச்சு இங்கே இல்லை.

1. முட்டை வரும் முன்பே எடுத்து வைக்க வேண்டியவை

சின்ன எல்.இ.டி. டார்ச் ஒன்று. முகப்பு முட்டையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வெளிச்சம் பக்கவாட்டில் சிதறி உள்ளே ஒன்றும் தெரியாது. டார்ச் இல்லையென்றால் கறுப்புச் சார்ட் அட்டையில் பென்சில் நுழையும் அளவு ஓட்டை போட்டு, மொபைல் டார்ச்சின் மேல் ஒட்டிக்கொள்ளலாம். பழைய குண்டு பல்பு டார்ச் வேண்டாம், அது சூடாகும்.

2பி பென்சில். முட்டையில் நம்பர் போட இது மட்டும்தான். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் ஓடு உடையும். மார்க்கர் மையில் உள்ள கரைப்பான் ஓட்டின் நுண்துளை வழியாக உள்ளே இறங்கும்.

ஒரு பிளாஸ்டிக் டீஸ்பூன். ஒரு சின்ன நோட்டு அல்லது காலண்டர். வசதி இருந்தால் 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு. இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அடுத்து, கூடு. நம் ஊரில் பட்ஜிக்குப் பெரும்பாலும் மண்பானைதான் கட்டுகிறார்கள். விலை குறைவு, குளிர்ச்சியும் கூட. ஆனால் முட்டை பார்க்க அதைவிடத் தொல்லையான பொருள் கிடையாது. வாய்க்குள் கை போகாது, உள்ளே இருப்பது தெரியாது, பானையை அவிழ்த்துச் சாய்த்தால் முட்டைகள் ஒன்றோடொன்று மோதும். இன்னும் கட்டவில்லை என்றால் மேல்மூடி திறக்கிற மரப்பெட்டி வாங்குங்கள். தரையில் கிண்ணம் போலக் குழிவு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். தட்டையான அடிப்பலகையில் முட்டை மூலைக்கு உருண்டு போய், அடை கிடைக்காமல் ஆறிவிடும். ஏற்கெனவே பானையில் முட்டை வந்துவிட்டதா? இப்போது மாற்றாதீர்கள், கிளி முட்டையை விட்டுவிடும். இந்த ஈடு, அதாவது இந்தத் தடவை இட்ட முட்டைகள், முடியட்டும்.

2. நாளை எண்ணுவது: முட்டை போட்ட நாள் வேறு, அடையில் உட்கார்ந்த நாள் வேறு

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

பட்ஜி ஒன்றுவிட்டு ஒரு நாள் முட்டையிடும். ஒரு ஈட்டுக்கு நான்கு முதல் ஆறு என்பது வழக்கம், சில சமயம் எட்டு வரை போகும். முதல் முட்டை போட்டவுடனே எல்லாப் பெண்ணும் அடையில் உட்காராது. முதல்முறை முட்டையிடும் பெண் இரண்டாவது, மூன்றாவது முட்டை வரை உள்ளே போவதும் வருவதுமாக இருக்கும். அடை கிடைக்கும் வரை கரு வளர ஆரம்பிக்காது. அதனால் எண்ணிக்கையை முட்டை போட்ட நாளிலிருந்து தொடங்கக் கூடாது, தொடர்ந்து உட்கார்ந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு உதாரணம். ஜூன் 1, 3, 5, 7, 9 ஆகிய தேதிகளில் ஐந்து முட்டை. பெண் ஜூன் 3 முதல் நிலையாக உட்கார்ந்தது. பட்ஜிக்கு அடைக்காலம் சுமார் 18 நாள். முதல் இரண்டு முட்டையும் ஜூன் 21 வாக்கில் அடுத்தடுத்துப் பொரிக்கும். ஐந்தாவது முட்டைக்கு நாள் ஜூன் 27. ஜூன் 22 அன்று பெட்டியைத் திறந்து, "ரெண்டு பொரிச்சிடுச்சு, மூணு கெட்டுப்போச்சு" என்று அந்த மூன்றையும் எடுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மூன்றுக்கும் இன்னும் நாளே ஆகவில்லை.

காக்டெயிலும் ஏறக்குறைய ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் முட்டையிடும், அடைக்காலம் 18 முதல் 21 நாள். ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸுக்கு 22 முதல் 24 நாள். இன்னொரு சிக்கலும் உண்டு. கடைகளில் பட்ஜியைத்தான் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிறார்கள். இணையத்தில் லவ் பேர்ட்ஸ் என்று தேடினால் வரும் நாள் கணக்கு வேறு கிளிக்கு உரியது. உங்களிடம் இருப்பது எது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு முட்டையும் வந்த அன்றோ மறுநாளோ பக்கவாட்டில் லேசாக 1, 2, 3 என்று எழுதி, நோட்டில் தேதி குறியுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் பின்னால் சரிசெய்ய வழியே இல்லை. ஐந்து முட்டை வந்த பிறகு எது மூத்தது என்று அந்தக் கிளிக்குக்கூடத் தெரியாது.

3. பெட்டியைத் திறக்கும் நேரம்

பெண் வெளியே வரும்போது மட்டும் திறக்க வேண்டும். பட்ஜியில் அடை காப்பது பெண் மட்டும்தான், ஆண் இரை ஊட்டும். பெண் எச்சத்தை அடக்கி வைத்திருந்து, வெளியே வந்ததும் பெரிய உருண்டையாக, நாற்றத்தோடு போடும். அது நோய் அல்ல, அடையில் இருக்கிற பெண்ணுக்கு இயல்பு. அந்த ஐந்து பத்து நிமிடம்தான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம். ஓரிரு நாள் கவனித்தால் காலையில் எத்தனை மணிக்கு வருகிறது என்று பிடிபட்டுவிடும்.

காக்டெயிலில் இரண்டும் மாறி மாறி உட்காரும். பகலில் பெரும்பாலும் ஆண், இரவில் பெண். ஆள் மாறுகிற நேரத்தைப் பயன்படுத்துங்கள்.

உட்கார்ந்திருக்கிற பெண்ணைக் கையால் தள்ளவோ, டார்ச் அடித்து விரட்டவோ கூடாது. பயந்து எழும்போது காலில் முட்டை மாட்டி உருளும், நகம் பட்டு ஓடு குத்திக்கொள்ளும். பொரிக்காத முட்டைகளில் ஊசி நுனி அளவு துளை இருந்தால் இது காரணமாக இருக்கலாம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு தொடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஓட்டின் துளையை அடைக்கும், அழுக்கு அதே துளை வழியாக உள்ளே போகும். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பழங்கதை. கூண்டில் வளரும் கிளிக்கு உங்கள் வாடை பழக்கம்தான். அது ஒதுக்குவது அடிக்கடி தொந்தரவு செய்வதால்.

தினமும் பார்க்காதீர்கள். ஒரு ஈட்டுக்கு முழுச் சோதனை இரண்டு முறை போதும். நாள் கடந்தால் மட்டும் மூன்றாவது.

4. முதல் சோதனை: ஏழாம் நாள்

அடையில் உட்கார்ந்து நான்கைந்து நாளிலேயே பழகிய கண்ணுக்குக் கரு தெரியும். புதியவர்கள் ஏழாம் நாள் வரை பொறுத்திருப்பது நல்லது. மூன்றாம் நாள் பார்த்துவிட்டு எல்லாம் கூமுட்டை என்று முடிவு கட்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அப்போது உள்ளே தெரிவது மஞ்சள் கருவின் நிழல் மட்டுமே. இன்னொன்று, அந்த முதல் சில நாட்களில் முட்டை அதிர்ந்தால் புதிதாக உருவாகிக்கொண்டிருக்கும் ரத்தக்குழாய் அறுந்துபோகும்.

அறையை இருட்டாக்குங்கள். முட்டையைப் பெட்டியிலிருந்து முழுதாக வெளியே எடுக்கத் தேவையில்லை. இரண்டு விரலால் லேசாகத் தூக்கி, அகலமான முனையில் டார்ச்சை வையுங்கள். ஓட்டுக்குள் காற்று நிற்கிற இடமான காற்றறை அந்தப் பக்கம்தான் இருக்கிறது, வெளிச்சம் அதன் வழியாக நன்றாக உள்ளே இறங்கும். ஒரு முட்டைக்குப் பத்துப் பதினைந்து விநாடி போதும். சரேலென்று திருப்பாதீர்கள், குலுக்கவே குலுக்காதீர்கள். பார்த்து முடித்ததும் முன்பு எப்படி இருந்ததோ அதே மாதிரி வையுங்கள். பானையாக இருந்தால் டீஸ்பூனால் ஒவ்வொன்றாக அள்ளி எடுத்துப் பாருங்கள்.

தெரியக்கூடியவை மூன்று.

நடுவில் அடர்சிவப்பாக ஒரு புள்ளி, அதிலிருந்து நாலாபக்கமும் சிலந்திக் கால் மாதிரிப் பிரிந்து ஓடும் மெல்லிய சிவப்பு நரம்புகள். கரு கூடியிருக்கிறது. கையை ஆடாமல் வைத்துக் கூர்ந்து பார்த்தால் அந்தப் புள்ளி துடிப்பது தெரியும், முதல்முறை பார்ப்பவர்கள் டார்ச்சை எடுக்கவே மனசு வராமல் நிற்பார்கள். பதினைந்து விநாடிக் கணக்கை மறக்காதீர்கள்.

முட்டை முழுக்க ஒரே சீரான வெளிர் மஞ்சள் ஒளி, உள்ளே மங்கலாக ஓர் உருண்டை நிழல் மட்டும், நரம்பு இல்லை. கூமுட்டையாக இருக்கலாம். "இருக்கலாம்" என்றுதான் எழுத வேண்டும், அது கடைசியாக வந்த முட்டையாக இருந்தால் அதற்கு இன்னும் ஏழு நாள் ஆகியிருக்காது. நம்பரைப் பாருங்கள், நோட்டைப் பாருங்கள்.

நரம்பு இல்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் ஓட்டின் உட்புறத்தை ஒட்டி இருந்தால், கரு கூடி வளர ஆரம்பித்த சில நாளில் செத்துவிட்டது. ரத்தம் குழாயிலிருந்து விலகி ஓரத்தில் தேங்கி நிற்பதுதான் அந்த வளையம். இது மாறி மீண்டும் உயிர் பிடிக்காது.

டார்ச் இல்லாமலே தெரிகிற ஓர் அறிகுறியும் உண்டு. கரு வளரும் முட்டையின் ஓடு ஒரு வாரத்துக்குப் பிறகு சாக்பீஸ் வெள்ளையாக, ஒளி ஊடுருவாததாக மாறும். கூமுட்டை இளஞ்சிவப்பு கலந்த, லேசாக ஊடுருவித் தெரிகிற நிறத்திலேயே நிற்கும். பகல் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். ஆனால் இதை மட்டும் நம்பி எதையும் எடுத்துப் போட வேண்டாம்.

நோட்டில் ஒவ்வொரு நம்பருக்கும் எதிரே எழுதுங்கள்: நரம்பு உண்டு, தெளிவு, வளையம், சந்தேகம். கடைசிச் சொல்லை எழுதத் தயங்க வேண்டாம்.

5. இரண்டாம் சோதனை: பதின்மூன்று, பதினான்காம் நாள்

இப்போது நல்ல முட்டையில் நரம்பெல்லாம் தனித்தனியாகத் தெரியாது. பாதிக்கு மேல் இருட்டாக இருக்கும், அகலமான முனையில் மட்டும் ஒரு வெளிச்சத் தொப்பி. அதுதான் காற்றறை. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவிலுள்ள எல்லை கூர்மையாக இருக்கும், அந்த எல்லையை ஒட்டி நரம்பும் தெரியும். சில சமயம் உள்ளே நிழல் அசையும்.

நடுவில் செத்த முட்டையும் இருட்டாகத்தான் இருக்கும். முழு இருட்டாக இருப்பதால் நல்ல முட்டை என்று நினைத்துக்கொள்வது இங்கேதான். வித்தியாசம் எல்லைக் கோட்டில் இருக்கிறது. செத்ததில் அந்தக் கோடு கலங்கிப் போயிருக்கும், நரம்பு இருக்காது, ஓட்டின் நிறம் சாம்பல் படிந்தது போல மங்கும். உள்ளே இருப்பது முட்டையை மெல்லச் சாய்த்தால் தண்ணீர் மாதிரிச் சரிந்து ஓடும். முதல் சோதனையில் "நரம்பு உண்டு" என்று எழுதிய முட்டை இப்போது இப்படி இருந்தால் முடிவு கிட்டத்தட்ட உறுதி.

காற்றறையின் எல்லையைப் பென்சிலால் லேசாகக் கோடிட்டு வையுங்கள். அடைக்காலம் முழுக்க முட்டையிலிருந்து ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அந்த இடத்தைக் காற்று நிரப்பும். அதனால் நாள் போகப் போகக் காற்றறை பெரிதாக வேண்டும். தராசு வைத்திருப்பவர்களுக்கு இதை எண்ணிலும் பார்க்கலாம். நல்ல முட்டை பொரிக்கும்போது முதல் எடையில் ஏறக்குறைய 13 முதல் 15 சதவீதம் குறைந்திருக்கும். 2.5 கிராம் முட்டை என்றால் 2.1 அல்லது 2.2. ஒரு எச்சரிக்கை: கூமுட்டையும் எடை குறையும். எடை ஈரப்பதத்தைப் பற்றிச் சொல்லும், உயிரைப் பற்றிச் சொல்லாது.

மயிரிழை விரிசல் இருந்தால் டார்ச் வெளிச்சத்தில் பளிச்சென்று கோடாகத் தெரியும். உள்சவ்வு கிழியாமல், நரம்பும் உயிரோடு இருந்தால் அந்தக் கோட்டின் மேல் மட்டும் வெள்ளைப் பசையை மெல்லிய படலமாகத் தடவிக் காய வைத்துத் திருப்பி வைக்கலாம். முட்டை முழுவதும் தடவினால் கருவுக்கு மூச்சு முட்டும்.

6. கூமுட்டை என்று தெரிந்தவுடன் எடுக்காதீர்கள்

தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம்.

எல்லா முட்டையும் கூமுட்டை என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டால், பெண் சில நாளிலேயே அடுத்த ஈட்டுக்கு முட்டையிட ஆரம்பிக்கும். முந்தின முட்டைகளுக்குச் செலவான கால்சியம் எலும்பில் இன்னும் சேர்ந்திருக்காது. இந்த நிலையில் முட்டை உள்ளேயே மாட்டிக்கொண்டு பெண் செத்துப்போகலாம். அதனால் அடைக்காலம் முடிந்து, தானாகவே சலித்துப் போய் எழுந்துவிடும் வரை அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கட்டும்.

சில முட்டை நல்லது, சில கூமுட்டை என்றாலும் விட்டு வைப்பதே நல்லது. முதலில் பொரித்த குஞ்சு சாய்ந்துகொள்ள அவை உதவும், தாயின் முழு எடையும் குஞ்சின் மேல் விழாமலும் தாங்கும். ஒரே குஞ்சு பொரித்த கூட்டில் இந்தக் கூமுட்டைகளின் உதவி பெரிது. தாயின் எடையில் நசுங்கிக் கால் இரு பக்கமும் விரிந்து போன குஞ்சுகள் பெரும்பாலும் தனிக் குஞ்சுகளே.

உடனே எடுக்க வேண்டியவை: நாற்றம் அடிப்பது, ஓட்டில் கசிவோ கருத்த திட்டோ இருப்பது, சவ்வு கிழிந்து உடைந்தது. அழுகிய முட்டைக்குள் வாயு சேர்ந்துகொண்டே போகும். அது கூட்டுக்குள் வெடித்தால் பக்கத்து முட்டையின் ஓட்டிலெல்லாம் கிருமி படியும். ஏழெட்டு முட்டை இருந்து, பெண்ணால் எல்லாவற்றையும் மூட முடியாமல் ஓரத்து முட்டை ஆறிப் போகிறது என்றால் உறுதியான கூமுட்டையில் ஒன்றிரண்டை எடுக்கலாம்.

7. நாள் கடந்த முட்டை

அந்தந்த முட்டையின் கணக்குப்படி நாள் கடந்துவிட்டது. இப்போதும் உடனே எடுக்க வேண்டாம், இன்னும் நான்கைந்து நாள் விடுங்கள். முதல்முறை தாய் சரியாக உட்காராத நாட்கள், குளிர்ந்த இரவுகள் எல்லாம் சேர்ந்து பொரிப்பைத் தள்ளிப்போடும்.

காத்திருக்கும் நாட்களில் பெட்டி திறக்கும்போது முட்டையைக் காதருகே வைத்துக் கேளுங்கள். மெல்லிய தட்டும் சத்தமோ கீச்சொலியோ கேட்டால் குஞ்சு காற்றறைக்குள் அலகை நீட்டிவிட்டது. டார்ச்சிலும் இது தெரியும். பொரிப்பதற்கு ஓரிரு நாள் முன்பு, அதுவரை நேராக இருந்த காற்றறை எல்லை ஒரு பக்கமாகச் சரிந்து கீழிறங்கும். அப்புறம் அந்த வெளிச்சத்துக்குள் அலகின் நிழல் வந்து வந்து போகும். இதைப் பார்த்தீர்கள் என்றால் மூடியை மூடிவிட்டுப் போய்விடுங்கள்.

சத்தமும் இல்லை, நிழலும் இல்லை, டார்ச்சில் பார்த்தும் முடிவு தெரியவில்லை என்றால் மட்டும் தண்ணீர்ச் சோதனை. பலரும் இதைத்தான் முதலில் செய்கிறார்கள், உண்மையில் இது கடைசி வழி. ஓட்டில் குத்தல், விரிசல் எதுவும் இல்லை என்று டார்ச் அடித்து உறுதி செய்துகொள்ளுங்கள். இருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து குஞ்சு மூழ்கிச் செத்துவிடும்.

கொதிக்க வைத்து 37, 38 டிகிரி செல்சியஸுக்கு ஆறிய தண்ணீரை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் எடுங்கள். தெர்மாமீட்டர் வைத்தே பாருங்கள், கை விரல் கணக்கு போதாது. முட்டையை ஸ்பூனால் மெல்ல இறக்குங்கள். தண்ணீர் அசைவு முழுதாக அடங்கிய பிறகு முட்டை தானாகத் துள்ளுகிறதா, சின்னச் சின்ன வட்டமாக அலை எழுப்புகிறதா என்று பாருங்கள். அசைந்தால் உயிர் இருக்கிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எடுத்து, தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றி, உடனே கூட்டுக்குள் வையுங்கள்.

மிதக்கிறதா, மூழ்குகிறதா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சமையலறையில் மிதக்கிற முட்டை கெட்டது என்பது சரி. அடைகாத்த முட்டையில் காற்றறை பெரிதாகிவிட்டதால் நல்லதும் மிதக்கும், செத்ததும் மிதக்கும். மிதந்ததாலேயே கெட்டது என்று உயிருள்ள குஞ்சோடு குப்பைக்குப் போன முட்டைகள் ஏராளம். அசைவு ஒன்றுதான் சாட்சி. அசையவில்லை என்றாலும் குஞ்சு அப்போது ஓய்வாக இருந்திருக்கலாம், மறுநாள் இன்னொரு முறை டார்ச்சில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

8. ஓட்டில் குத்தல் விழுந்த முட்டை

நட்சத்திர வடிவில் ஓட்டில் சின்ன வெடிப்பு தெரிந்தால் பொரிப்பு தொடங்கிவிட்டது. அதிலிருந்து குஞ்சு வெளியே வர ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூட ஆகும். இடையில் பல மணி நேரம் எதுவுமே நடக்காதது போல இருக்கும். உள்ளே அது சும்மா இல்லை. சவ்வில் ஓடுகிற ரத்தத்தை உள்ளிழுத்துக்கொண்டும், மிச்சமுள்ள மஞ்சள் கருவை வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டும் இருக்கிறது.

பாவம் பார்த்து ஓட்டைப் பிய்த்து உதவி செய்பவர்களால் சாகும் குஞ்சுகள்தான் அதிகம். சவ்வில் ரத்தம் ஓடும்போது கிழித்தால் அந்த ஒரு துளியிலேயே உயிர் போய்விடும், பட்ஜியில் முழுக் குஞ்சின் எடையே இரண்டு கிராம் வாக்கில்தான். குத்தல் விழுந்து 48 மணி நேரம் தாண்டியும் முன்னேற்றமே இல்லை என்றால் பறவை பார்க்கிற கால்நடை மருத்துவரையோ, கைப்பழக்கம் உள்ள வளர்ப்பவரையோ கூப்பிடுங்கள். வீடியோ பார்த்து முதல்முறை செய்கிற வேலை அல்ல அது.

9. கடைசியில்: உடைத்துப் பார்ப்பது

பொரிக்காத முட்டையைக் குப்பையில் போடுகிறவர்கள் தங்களுக்குக் கிடைத்த ஒரே தகவலையும் சேர்த்துப் போடுகிறார்கள். பொரிக்கவில்லை என்று மட்டும் தெரிந்தால் அடுத்த ஈட்டில் எதை மாற்றுவது? உடைத்தால்தான் எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரியும்.

வீட்டுக்கு வெளியே, மாஸ்க் போட்டுக்கொண்டு, பழைய செய்தித்தாள் விரித்துச் செய்யுங்கள். கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிளிக்காய்ச்சல் கிருமி எச்சத்திலும் கூட்டுத் தூசியிலும் இருக்கலாம். அகலமான முனையை ஸ்பூனால் தட்டிச் சில்லு சில்லாக எடுங்கள். சட்டென்று உடைத்துக் கொட்டினால் குஞ்சு எப்படிப் படுத்திருந்தது என்பது கலைந்துவிடும்.

உள்ளே மஞ்சள் கருவும் வெள்ளையும் மட்டும் என்றால் கரு கூடவில்லை, பிரச்சினை ஜோடியில் இருக்கிறது. முதலில் இரண்டும் பெண்ணா என்று பாருங்கள். பட்ஜியில் மூக்குத் தசை நீலம் என்றால் ஆண், பழுப்பு என்றால் பெண் என்பது பொதுவிதி. லுட்டினோ (முழு மஞ்சள்), அல்பினோ (முழு வெள்ளை) வகை ஆணுக்கு அது நீலமாகாது, இளஞ்சிவப்பு ஊதாவாகவே இருக்கும், அதில்தான் ஏமாறுகிறார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் என்ற முறை தவறி ஒரே நாளில் இரண்டு முட்டை வந்தால் இரண்டும் பெண் என்றே வைத்துக்கொள்ளலாம். ஜோடி சரி என்றால் அடுத்த சந்தேகம் குச்சியின் மேல். வழுக்கும் பிளாஸ்டிக் குச்சி, ஆடுகிற குச்சி இரண்டிலும் இணை சேர்வது பாதியில் நிற்கும். கொய்யா, வேப்பங்கிளையை ஆடாமல் இறுக்கிக் கட்டுங்கள். வயதும் பார்க்க வேண்டும். பட்ஜிக்குப் பத்து மாதமாவது, காக்டெயிலுக்கு ஒன்றரை வயதாவது ஆகியிருக்க வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் முதல் ஈடு முழுக்கக் கூமுட்டையாவது சாதாரணம்.

ரத்த வளையம் அல்லது கறுப்புக் கண் மட்டும் தெரிகிற பொடிக் கரு என்றால் முதல் வாரத்தில் செத்தது. பெண் சரியாக உட்காரவில்லை, முட்டை ஆறியது, அதிர்ந்தது, கிருமி புகுந்தது, கூடப்பிறந்தவற்றை ஜோடி போட்டது என்று பல காரணம் இருக்கலாம். இரவில் பெண் கூட்டை விட்டு ஏன் எழுந்தது என்றும் பாருங்கள். பகலில் பெட்டி இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் ரத்தம் குடிக்கும் சிவப்புப் பேன் ஒரு காரணம். காக்டெயில் இருட்டில் திடுக்கிட்டுக் கூண்டெல்லாம் அடித்துக்கொள்ளும் இயல்புள்ளது. ஒரு ஜீரோ வாட் பல்பு போட்டு வைத்தால் திரும்பிப் போய் முட்டைமேல் உட்கார வழி தெரியும்.

முழுதாக வளர்ந்த குஞ்சு செத்துக் கிடந்தால் நிறையப் படிக்கலாம். பட்ஜிக் குஞ்சு மயிரே இல்லாமல் இருக்கும், காக்டெயில் குஞ்சுக்கு மஞ்சள் பஞ்சு இருக்கும். தலை எந்தப் பக்கம் என்று பாருங்கள். வலது இறக்கைக்கு அடியில் தலையை நுழைத்து, அலகு காற்றறைப் பக்கம் இருப்பதுதான் சரியான நிலை. தலை குறுகலான முனையில் இருந்தால் காற்றறையைத் தொட முடியாமல் மூச்சு முட்டிச் செத்திருக்கிறது. வயிற்றுக்கு வெளியே மஞ்சள் கருப் பை தொங்கினால் பொரிக்கும் கட்டத்துக்கு முன்பே செத்தது. சவ்வு காய்ந்து தோலோடு பசை போல ஒட்டியிருந்தால் கூட்டில் ஈரம் போதவில்லை. குளிக்க அகலமான தட்டில் தண்ணீர் வையுங்கள், பெண் நனைந்த இறகோடு போய் உட்கார்ந்தால் அதுவே போதும். முட்டையின் மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். அதற்கு நேர்மாறாக, குஞ்சு ஊதிப்போய்ச் சுற்றிலும் நீர் நின்றால் ஈரம் அதிகம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓதம் ஏறிய சுவரோடு ஒட்டிக் கட்டிய பெட்டிகளை இதற்குச் சந்தேகப்படலாம்.

எல்லா முட்டையும் வளர்ந்த நிலையில் ஒரே நேரத்தில் செத்திருந்தால் வெயிலை நினையுங்கள். மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, கத்திரி வெயிலில், மூடிய மரப்பெட்டிக்குள் சூடு 40 டிகிரியைத் தாண்டும். கரு அதைத் தாங்காது. ஏப்ரல், மே மாதங்களில் அப்படிப்பட்ட இடத்தில் ஜோடி போடாமல் இருப்பதே மேல்.

கருப்பும் பச்சையுமாகக் கூழாக, நாற்றத்தோடு இருந்தால் கிருமி. அது முன்பே செத்து அழுகியதா, கிருமியால் செத்ததா என்று கண்ணால் பிரிக்க முடியாது. கூட்டுச் சுத்தத்தைச் சரிசெய்துவிட்டு நகருங்கள்.

10. அடுத்த ஈட்டுக்கு முன்

பெட்டியைக் கழற்றிவிடுங்கள். பெட்டி இருக்கிற வரை பெண் முட்டையிட நினைக்கும். சுரண்டிக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலில் துடைத்து, மறுபடி நல்ல தண்ணீரில் அலசி, வாடை போகும் வரை வெயிலில் காய வைத்து எடுத்து வையுங்கள். பழைய மரத்தூளை மறுபடி போடாதீர்கள்.

ஜோடிக்கு இரண்டு மூன்று மாதம் ஓய்வு. வருடத்துக்கு இரண்டு ஈட்டுக்கு மேல் வேண்டாம். தினை மட்டும் போட்டு வளர்க்கிற கிளிக்குச் சத்து போதாது. முருங்கைக்கீரை, முளைகட்டிய தானியம், வாரத்துக்கு ஓரிரு முறை அவித்த முட்டை கொடுங்கள். கால்சியத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரை, அதாவது கணவாய் ஓடு, கூண்டில் எப்போதும் தொங்கட்டும்.

ஓய்வுக்குப் பிறகு போட்ட ஈட்டிலும் வளர்ந்த குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே செத்தால் ஊகத்தை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குக் கொடுங்கள். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, போன் செய்து கேட்டுவிட்டுப் போகலாம். உடைக்காத முட்டையாக, நம்பரோடு, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து எடுத்துப் போங்கள். ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே திசு சிதைந்து பார்க்க எதுவும் மிஞ்சாது. தேதி எழுதிய நோட்டையும் எடுத்துப் போங்கள், முதலில் கேட்பது அதைத்தான்.